முன்னால் ஒரு பல் கூட்டினால் மைலேஜ் கூடுமா? 15 பல் ஸ்ப்ராக்கெட்டோடு நாலு மாதம்

எஞ்சின் பக்கம் செயினை இழுக்கும் சின்னப் பல்சக்கரம்தான் முன் ஸ்ப்ராக்கெட், அதில் 14 பல் இருந்ததை 15 ஆக்கினேன். விலை 190 ரூபாய். மாட்டும் கூலி 100. மைலேஜ் கூடியது லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர். அவசரத்தில் இருப்பவர்களுக்கு விமர்சனம் இவ்வளவுதான், போய் வேலையைப் பாருங்கள். ஆனால் இந்த இரண்டரையைக் கண்டுபிடிப்பதற்குள் நான் பட்ட பாடும், நடுவில் வேறு ஒரு கடையில் 650 ரூபாய் தண்டம் அழுததும், வால்பாறை ஏற்றத்தில் மனைவி முன்னால் மானம் போனதும் இருக்கிறது. அதையும் படித்துவிட்டு மாட்டலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

வண்டி 2011 ஸ்ப்ளெண்டர் பிளஸ். 97.2 சிசி, நாலு கியர், காற்றோடு பெட்ரோலைக் கலந்து விட கார்பரேட்டர். மீட்டர் ஒரு சுற்று முடிந்து மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. உடுமலையில் வீடு, பொள்ளாச்சியில் வேலை, போக வர தினம் 60 கிலோமீட்டர், மாதத்துக்கு 1,500. பெரும்பாலும் தனியாக, பெரும்பாலும் சமவெளி ரோட்டில், 55லிருந்து 60க்குள். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஓட்டம் இப்படி இல்லை என்றால் கீழே வரும் எண்கள் உங்களுக்குப் பொருந்தாது. டவுனுக்குள்ளேயே சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவர்கள் இந்த 15 பல் பக்கமே போக வேண்டாம்.

எல்லாம் ஜனவரியில் ஆரம்பித்தது. வண்டி முன்னே மாதிரி ஓடவில்லை என்று ஒரு சந்தேகம், ஆனால் எத்தனை கொடுக்கிறது என்று கேட்டால் யாருக்குத்தான் தெரியும்? ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள், 70 என்பார்கள், 75 என்பார்கள், எல்லாம் ரிசர்வ் விழுந்ததிலிருந்து ரிசர்வ் விழும் வரை கண்ணால் போட்ட கணக்கு. நான் ஃபுல் டேங்க் முறையில் இறங்கினேன். ஒரே பங்க், ஒரே பம்பு, சென்டர் ஸ்டாண்டு போட்டு, மூடிக்குக் கீழே உள்ள கழுத்தின் அடிவிளிம்பு வரை பெட்ரோல். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிரப்புவதில் 100 மில்லி ஏறக்குறைய ஆவது சர்வ சாதாரணம், ஐந்து லிட்டருக்கு அது 2 சதவீதம். நாம் தேடும் வித்தியாசமே மூன்று நான்கு சதவீதம்தான், அப்படியிருக்க ஒரு டேங்க் வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது? அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 20 லிட்டர் எரியும் வரை விட்டேன். நடுவில் எத்தனை முறை போட்டாலும் பரவாயில்லை, முதல் நிரப்பலும் கடைசி நிரப்பலும் சரியாக இருந்தால் போதும், பிழை அந்த இரண்டு இடத்தில்தான் வரும், அது 20 லிட்டரில் கரைந்துபோகும்.

முதல் கணக்கு: 20 லிட்டர், 1,080 கிலோமீட்டர். அதாவது 54.

ஊற்று, மூடு, மற என்று விளம்பரம் பண்ணி 1985இல் வந்த சிடி100இன் வாரிசு லிட்டருக்கு 54 கொடுக்கிறதென்றால் வயிறு எரியுமா எரியாதா? ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒருவர் ஒரு கடையைச் சொன்னார். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். வாசலில் பெரிய பேனர், 10 கிலோமீட்டர் கூடுதல் மைலேஜ் உத்தரவாதம் என்று. போனேன். அங்கிருந்த பையன் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. கார்பரேட்டரைக் கழற்றினான், ஊசியில் இருக்கும் கிளிப்பை ஒரு படி மேலே மாட்டினான், அதாவது ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். அப்புறம் ஸ்க்ரூவைத் திருகினான். கடைசியில் பெட்ரோல் டியூபைச் சுற்றி இரண்டு கறுப்புக் காந்தத்தை வைத்து டை போட்டுக் கட்டினான். காந்தம் பெட்ரோலை நேர்க்கோட்டில் அடுக்குமாம். பெட்ரோலில் காந்தம் பிடிக்கும் சங்கதி ஒன்றும் கிடையாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் பையன் சொன்ன வேகத்தில் வாயை மூடிக்கொண்டு 650 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். இதற்கு என்னைத்தான் திட்ட வேண்டும்.

மைலேஜ் கூடவில்லை என்று சொல்லமாட்டேன். 57 வந்தது. ஆனால் காலையில் சோக்கைப் போட்டு ஏழெட்டு உதை, ஆக்சிலேட்டரைத் திடீரென்று விட்டால் சைலென்சரில் பட் பட் என்று சத்தம், லாரியைத் தாண்டலாம் என்று முறுக்கினால் ஒரு நொடி மூச்சை அடக்கிக்கொண்டு அப்புறம் போகும். பத்து நாள் கழித்துப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. நன்றாக எரியும் எஞ்சினில் பிளக் முனை காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் சூட்டில் வேகிறது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய கார்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. இப்போது பங்கில் வருவது இ20, நூற்றுக்கு 20 பங்கு எத்தனால். வெறும் பெட்ரோலில் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும், இ20 கலவைக்குக் கிட்டத்தட்ட 13.5. கார்பரேட்டர் ஜெட்டுக்கு இதெல்லாம் தெரியாது, அது ஓட்டையின் அளவுக்குத்தான் விடும். ஆக, பழைய பெட்ரோலுக்கு வைத்த ஜெட்டில் இ20 போனால் நாம் கை வைக்காமலேயே கலவை ஏறக்குறைய 8 சதவீதம் மெலிந்துவிடுகிறது, அதாவது தேவைக்குப் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். அதற்கு மேல் இந்தப் பையன்கள் ஊசியை இறக்கி இன்னும் மெலிய வைத்தால் வால்வு தீயும், பிஸ்டன் பிடிக்கும். போதாக்குறைக்கு எத்தனாலில் சக்தியும் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் இ20இல் லிட்டருக்கு 6, 7 சதவீதம் சக்தி வெறும் பெட்ரோலை விடக் குறைவாகத்தான் கிடைக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் கொடுத்த மைலேஜை இன்றைக்கும் எதிர்பார்த்து மெக்கானிக்கோடு சண்டை போடுவதில் ஒரு பகுதி வீண் சண்டை.

சரி, கதைக்கு வருவோம். வெள்ளைப் பிளக்கை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். இவரிடம் பேனர் இல்லை, போர்டே பாதி அழிந்துபோய்தான் இருக்கும். பிளக்கைப் பார்த்தார், காந்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, படிச்சவங்கதானுங்க நீங்க?”

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. காந்தத்தை அறுத்து அவருடைய ஸ்க்ரூ டப்பாவில் போட்டுக்கொண்டார், கீழே விழும் போல்ட்டுகளைப் பொறுக்க உதவுமாம்.

அப்புறம் அவர் செய்த முதல் வேலையைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார். அரைச் சுற்றுகூடச் சுற்றவில்லை, நின்றுவிட்டது. பிரேக் ஷூ உரசிக்கொண்டே இருந்திருக்கிறது, எத்தனை மாதமாகவோ. ஷூவை விரிக்கும் கேம் திரும்பும் இடத்தில் துருவும் சேறும். நான் தினம் 60 கிலோமீட்டர் பிரேக் போட்டுக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறேன். அதைக் கழற்றித் தேய்த்து கிரீஸ் வைத்து மாட்டினார். செயின் முறுக்கிக் கட்டியிருந்தது, அதைக் கீழ்ப்பக்கம் நடுவில் அமுக்கினால் ஓர் அங்குலம் ஆடும் அளவுக்கு விட்டார். டயரில் முன்னால் 18தான் காற்று இருந்தது. தனியாகப் போனால் முன்னால் 25, பின்னால் 28 வைக்க வேண்டும், செயின் கவர் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை.

எஞ்சின் ஆறிய பிறகு டேப்பெட் பார்த்தார், அதாவது வால்வை அமுக்கும் இடத்தில் விட வேண்டிய இடைவெளியை. இதை மட்டும் சூட்டில் பார்க்கவே கூடாது, காலையில் முதல் வேலையாகப் பார்க்க வேண்டும், அதற்காக வண்டியை ராத்திரி அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். எக்சாஸ்ட் பக்கம் டைட்டாக இருந்தது. டேப்பெட் சத்தம் கேட்டால் எல்லோரும் பயப்படுவார்கள், சத்தமே இல்லாமல் இருந்தால் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் டைட் டேப்பெட்தான் மோசம், வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரெஷன் கசியும், எரிந்த பெட்ரோலின் பலன் சைலென்சர் வழியாக ஊருக்குப் போகும். அதைச் சரி பண்ணி, ஏர் ஃபில்டர் புதுசு, பிளக் புதுசு, முனை இடைவெளி 0.7 மில்லிமீட்டர். ஊசிக் கிளிப் பழைய படிக்கே திரும்பியது. ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும் வேகத்தை, நிமிஷத்துக்கு 1,400 சுற்று அளவுக்கு வைத்து, ஸ்க்ரூவை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருகி எஞ்சின் எங்கே அதிகம் ஓடுகிறதோ அங்கே நிறுத்தி, மறுபடி ஐடிலிங்கைக் குறைத்து, திரும்பவும் ஒரு தரம். ஒரு மணி நேரம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொந்தமாகத் திருகிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, வெளியே திருகினால் கலவை மெலியும். எஞ்சின் பக்கம் இருந்தால் அப்படியே தலைகீழ், வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். இது தெரியாமல் யூடியூபைப் பார்த்துத் திருகி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களை அந்தக் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆயில் மாற்றும்போது மட்டும் நான் குறுக்கே விழுந்தேன். அவர் வழக்கமாக ஊற்றுவது 20டபிள்யூ40, இந்த எஞ்சினுக்குக் கம்பெனி சொல்வது 10டபிள்யூ30. கெட்டி ஆயில் என்றால் எஞ்சினுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது, 100 சிசி எஞ்சினுக்கு அது கால்களில் மணல்மூட்டை கட்டியது மாதிரி. முனகிக்கொண்டே ஊற்றினார்.

பில் மொத்தம் 940. அடுத்த 20 லிட்டரில் 1,220 கிலோமீட்டர். 61.

கவனியுங்கள், 54லிருந்து 61க்கு வந்தது ஒரு பல்லும் மாற்றாமல். மாதத்துக்கு மூன்று லிட்டருக்கு மேல் மிச்சம். இதைச் செய்யாமல் நேராக ஸ்ப்ராக்கெட் மாற்றியிருந்தால், உரசும் பிரேக்கோடு உயரமான கியரில் இழுத்து, வண்டி இன்னும் திணறி, ஸ்ப்ராக்கெட் மோசம் என்று நானே எழுதியிருப்பேன்.

இப்போதுதான் நம்ம கதாநாயகன். பழைய வண்டி, செயின் செட் எத்தனையோ தடவை மாறியிருக்கும், அதனால் புத்தகத்தை நம்பாமல் பல்லை எண்ணினேன். முன்னால் 14, பின்னால் 42. பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற முன்பல் மூன்று சுற்று சுற்ற வேண்டும். முன்னால் 15 போட்டால் மூன்றுக்குப் பதில் 2.8. அதாவது அதே வேகத்தில் எஞ்சின் 6.7 சதவீதம் மெதுவாகச் சுற்றும், முன்பு 5,000 சுற்று சுற்றிய இடத்தில் இப்போது 4,670க்குக் கிட்டே. பின்னால் பல்லைக் குறைத்தும் இதைச் செய்யலாம், 42க்குப் பதில் 41 போட்டால் வித்தியாசம் 2.4 சதவீதம்தான், அளவாகக் கூட்டிக் குறைக்க அது நல்லது, ஆனால் பெரிய சக்கரம், விலை அதிகம், வேலை அதிகம். முன்னால் ஒரு பல் என்பது பெரிய தாவல், ஆனால் மலிவான தாவல்.

சுற்று குறைந்தால் பெட்ரோல் ஏன் குறைய வேண்டும், வேலை அதேதானே என்று என் மைத்துனன் கேட்டான். நியாயமான கேள்வி. இந்த வண்டியை என்னையும் சேர்த்து 50 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கச் சுமார் 2 குதிரைத்திறன் போதும், 60க்கு 3. எஞ்சினிடம் இருப்பது ஏழரையிலிருந்து எட்டு. மிச்சத்தை நாம் காற்று வழியைத் திறந்து மூடும் கார்பரேட்டர் ஸ்லைடைப் பாதி மூடி அடக்கி வைத்திருக்கிறோம். இளநீரில் போட்ட உறிஞ்சுகுழாயை விரலால் கிள்ளிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், வாய் வலிக்கும், இளநீர் வராது. பிஸ்டன் ஒவ்வொரு தடவை காற்றை இழுக்கும்போதும் அந்தக் கஷ்டம்தான் படுகிறது. உயரமான கியரில் சுற்று குறையும், அதே வேலையைச் செய்ய ஸ்லைடு இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டியிருக்கும், அதனால் உறிஞ்சும் கஷ்டமும் உராய்வும் குறையும். அவ்வளவுதான் தத்துவம். இதற்கு ஓர் எல்லை உண்டு, எஞ்சின் திணறும் அளவுக்குச் சுற்றைக் குறைத்தால் பலன் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். அந்த எல்லையைத்தான் பிறகு நான் வால்பாறையில் போய்ப் பார்த்தேன்.

15 பல் உடுமலையில் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் கிடைத்தது, 190 ரூபாய். வாங்கும்போது பழைய சக்கரத்தைக் கையோடு கொண்டுபோங்கள், நடுவில் இருக்கும் வரிப்பல் ஷாஃப்ட்டில் சரியாக உட்கார வேண்டும், ஆடக்கூடாது. தடிமனும் பொருந்த வேண்டும், இந்த வண்டிக்கு 428 செயின். செயின் எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கம்பெனியான ரோலான்தான், ஒரு வருஷம் ஓடியது, பல் கூர்மையாகத் தேயவில்லை என்பதால் அப்படியே விட்டேன். செயினும் சக்கரங்களும் நன்றாகத் தேய்ந்திருந்தால் முன்பல்லை மட்டும் புதுசாகப் போடாதீர்கள், பழைய செயின் புதுப் பல்லை இரண்டே மாதத்தில் தின்றுவிடும்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. கியர் லீவர், இடது பக்க கவர், அப்புறம் ஒரு லாக் பிளேட், அதில் இரண்டு பத்தாம் நம்பர் போல்ட். ஒரு பல் கூடியதற்குப் பின்சக்கரம் சுமார் 3 மில்லிமீட்டர் முன்னால் வர வேண்டும், அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இருந்தது. கவரை மூடும் முன் அண்ணன் சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கேயாவது கேஸில் உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். இடம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. 16 பல் கேட்கவே கேட்காதீர்கள்.

“முன்னாடி ஒரு பல்லு ஏத்துனா ரோட்டுல சும்மா போவுமுங்க. மேடு வந்தாத்தான் உங்குளுக்குத் தெரியும்” என்றார். அதில் இருந்த எச்சரிக்கை அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

முதல் நாள் ரோட்டில் நல்ல சுகம். 55இல் அந்தப் பழைய உறுமல் இல்லை, கால் வைக்கும் கம்பியில் வரும் அதிர்வு குறைந்துவிட்டது, இன்னொரு கியர் இருக்கிறதோ என்று காலால் தேடும் பழக்கம் போயே போனது. முதல் கியரில் கிளம்பும்போது கிளட்சைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்க வேண்டும். ஸ்பீட் பிரேக்கரில் முன்பு மூன்றாவதில் உருட்டியதை இப்போது இரண்டாவதில் உருட்ட வேண்டும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முடிய 20 லிட்டர், 1,270 கிலோமீட்டர். 63.5. நாலு சதவீதம்.

ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டாதா என்று சிலர் கேட்பார்கள். இந்த வண்டியில் மீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருகிறது, பல் மாறினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கியர்பாக்ஸ் பக்கமிருந்து வேகம் எடுக்கும் வண்டிகளில் 15 போட்டால் மீட்டர் 7 சதவீதம் குறைவாகக் காட்டும், கூடிய மைலேஜும் கணக்கில் குறைந்ததாகத் தெரியும், திட்டிக்கொண்டே பழையதை மாட்டிவிடுவீர்கள்.

மே மாதம் பிள்ளைகளை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு நானும் மனைவியும் வால்பாறை கிளம்பினோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை. ஐந்தாவது வளைவிலேயே விஷயம் புரிந்துவிட்டது. இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழைந்தால் பாதியில் எஞ்சின் டக் டக் என்று இடிக்கிறது, முதலாவதில் போட்டால் கத்துகிறது, நடுவில் ஒரு கியர் இல்லை. 14இல் இரண்டாவதே இழுத்திருக்கும். பதினைந்தாவது வளைவு வாக்கில் கிளட்ச் வாடை வந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்:

“ஏனுங்க, நான் வேணா எறங்கி நடந்து வரட்டுங்களா?”

கேலியா கரிசனமா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் இரண்டு தேயிலை மூட்டையோடு எங்களைத் தாண்டிப் போனது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். போக வர அந்தப் பயணத்தில் கிடைத்தது 49. முழுக்க மலையேற்றத்தின் குற்றம் என்று சொல்லலாம், ஆனால் முந்தின வருஷம் இதே பயணத்தில் 14 பல்லோடு எஞ்சின் இப்படி அழவில்லை.

அடுத்த பரீட்சை காற்று. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து எங்கள் பக்கம் அடிக்கும் ஆடிக் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உடுமலையைச் சுற்றிக் காற்றாலையாக நிற்பதற்கே அதுதான் காரணம். காலையில் மேற்கே பொள்ளாச்சிக்குப் போகும்போது நெஞ்சில் அடிக்கும், சாயங்காலம் முதுகில் தள்ளும். போக வர சமமாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது, எதிர்க்காற்றில் இழப்பது அதிகம், பின்காற்றில் கிடைப்பது குறைவு. ஜூலையில் 15 பல்லோடு 58. காலையில் நாலாவது கியரில் 50ஐ எட்டவே முடியாது, மூன்றாவதிலேயே ஓட்ட வேண்டியிருந்தது. மூன்றாவதில் ஓட்டினால் சுற்று ஏறிவிடுகிறது, அப்புறம் ஒரு பல் கூட்டி என்ன பிரயோஜனம்? ஆகஸ்டில் பிடிவாதமாக 14ஐத் திரும்ப மாட்டி இன்னொரு 20 லிட்டர் எரித்தேன். 58.5. இரண்டுக்கும் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் 14இல் எதிர்க்காற்றிலும் நாலாவது கியர் இழுத்தது, ஓட்ட நிம்மதியாக இருந்தது.

இன்னொன்றும் செய்து பார்த்தேன், காற்று ஆரம்பிக்கும் முன், மே ஆரம்பத்தில். அதே 15 பல், ஆனால் 50க்கு மேல் போவதில்லை என்று சபதம். பத்து லிட்டரில் 690 கிலோமீட்டர். 69! ஸ்ப்ராக்கெட் கொடுத்த இரண்டரையைவிட இரண்டு மடங்குக்கு மேல், செலவு பைசா இல்லை. போக ஆறு நிமிஷம் கூடுதலாக ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் பன்னிரண்டு நாள்தான் தாங்கியது. பதிமூன்றாவது நாள் பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனை அமுக்கிய அமுக்கில் சபதம் பறந்துவிட்டது.

இப்போது கணக்கு. 61லிருந்து 63.5 என்றால் மாதம் 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் மிச்சம், நூறு ரூபாய். 290 ரூபாய் முதல் மூன்று மாதத்தில் திரும்பிவிடும். காற்றடிக்கும் மாதங்களைக் கழித்தால் வருஷத்துக்கு எழுநூறு எண்ணூறு தேறும். எனக்கு அந்தப் பணத்தைவிட அதிர்வு குறைந்ததுதான் பெரிது, முப்பது கிலோமீட்டர் ஓட்டி இறங்கினால் உள்ளங்கை மரத்துப்போவது நின்றுவிட்டது.

மதிப்பெண் போட வேண்டும் என்றால் 15 பல்லுக்கு ஐந்தில் மூன்று. சமவெளி, தனி ஆள், நீண்ட தூரம் என்றால் மூன்றரைகூடப் போடலாம். தினமும் இரண்டு பேர், கேஸ் சிலிண்டர், மாட்டுத் தீவனம் என்று ஏற்றுகிறவர்களுக்கு ஒன்று. தெருமுனை அண்ணனுக்கு ஐந்துக்கு ஐந்து, ஆயில் விஷயத்தில் வாதாடியதற்கு அரை மதிப்பெண் குறைக்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம். பேனர் கடைக்கு மதிப்பெண் கிடையாது. 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்6 இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்களுக்குத் திருக ஸ்க்ரூவே இல்லை, ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கலவையை அதுவே சரி பண்ணிக்கொள்ளும். ஆகவே மைலேஜ் டியூனிங் என்று யாராவது அந்த வண்டியைத் திறந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பிரேக் உரசல், டயர் காற்று, செயின் இதெல்லாம் அவர்களுக்கும் உண்டு.

என் வண்டியில் இன்றைக்கு மாட்டியிருப்பது 14. காற்று ஓய்ந்து ஐப்பசி மழையும் விட்ட பிறகு 15 ஏறும், அதைக் கிரீஸ் தடவிப் பழைய பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். அண்ணன் மாற்றுகிற ஒவ்வொரு தடவைக்கும் நூறு ரூபாய் கேட்பதால் பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று 60 ரூபாய்க்கு நானே வாங்கிவிட்டேன்.